கையில் பிடிக்காத டேப்

பெரிய டேப் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: எதற்கு? படம் பார்க்க என்றால் வீட்டில் டி.வி. இருக்கிறது. பிள்ளை படிக்க என்றால் பத்து இஞ்ச் தாராளம். ஆபீஸ் வேலைக்கு என்றால் பேசாமல் லேப்டாப் வாங்குங்கள். பதிமூன்று இஞ்ச் டேப் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டாத சாமான். இதை நான் அடித்துச் சொல்வேன். நான் வாங்கியதும் அதைத்தான். ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை.

தல்லாகுளத்தில், கோர்ட்டுக்குப் போகிற வழியில், டைப்பிங் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காத்திருக்கிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். எதைப் பற்றியாவது கருத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது என் கடைக்காகவே சொன்னது போல இருக்கும்.

என் அக்கா சமயநல்லூரில் இருக்கிறாள். பிறந்ததிலிருந்து காது கேட்காது. வாயால் பேச்சு வராது, கையால் வந்தால் நிற்காது. பள்ளிக்கூடத்தில் அவள் கற்றுக்கொண்டு வந்த சைகை பாதி, வீட்டில் நாங்கள் இருவரும் உண்டாக்கியது பாதி, இரண்டும் கலந்த கைப்பேச்சு எங்களுடையது. இட்லி மாவு அரைத்து விற்கிறாள். அத்தான் அதைப் பைக்கில் கொண்டுபோய்க் கடைகளுக்குப் போடுவார். பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம்தான். ஆனால் காலையும் மாலையும் அவளுக்கு மாவு, பகல் முழுக்க எனக்குக் கடை. நல்லது கெட்டதுக்குப் பார்த்துக்கொண்டால் உண்டு. அதனால் எங்களுக்குள் எல்லாமே வீடியோ காலில்தான்.

போனில் ஒரு தொல்லை. அதை ஒரு கையில் பிடிக்க வேண்டும். காது கேட்கிறவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அது பாதி வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று சண்டைக்குச் சொல்வார்கள். எங்களுக்குப் பேச்சே அப்படித்தான். 'வா', 'சாப்பிட்டியா', 'சரி' எல்லாம் ஒரு கையில் முடிந்துவிடும். கல்யாணம், சண்டை, வீடு, கோபம், இதற்கெல்லாம் இரண்டு கையும் வேண்டும். போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். இரண்டு கையும் படத்துக்குள் வர வேண்டுமென்றால் தள்ளி நிற்க வேண்டும். தள்ளி நின்றால் அந்தக் குட்டித் திரையில் விரலெல்லாம் எறும்பு. இருவருக்குமே வெள்ளெழுத்து வந்துவிட்ட வயது.

என் பெயருக்கும் இரண்டு கை வேண்டும். சின்ன வயதில் ரிப்பன் வைத்து இரட்டைச் சடை மடித்துக் கட்டியிருப்பேன். இரண்டு காதோரமும் இரண்டு கையை மடக்கி, சடை தொங்குவது போலக் கீழே இழுத்தால் அது நான். தெருவின் அந்தக் கடைசியில் நின்று அக்கா அப்படி இழுத்தால் விளையாட்டை விட்டுவிட்டு ஓடுவேன். நேரில் இருக்கும்போது பெயருக்கு வேலையில்லை, தோளைத் தொட்டால் போதும். எட்ட இருப்பவரைக் கூப்பிடத்தானே பெயர்? போன் வந்த பிறகு அக்காவின் ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டதால், மற்றக் கையால் ஒற்றைச் சடை மட்டும் இழுத்தாள். எங்கள் கைப்பேச்சில் ஒற்றைச் சடை என்றால் 'பொண்ணு', யாரோ ஒரு பொண்ணு. சொந்த அக்காவுக்கு நான் யாரோ ஒரு பொண்ணாகிவிட்டேன். முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு இல்லை.

கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சே சுருங்கிவிட்டது. மருமகள் வந்த புதிதில் வீட்டில் ஏதோ மனத்தாங்கல் என்று அத்தான் மூலம் தெரிந்தது. என்ன என்று கேட்டால் அக்கா கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவாள். நல்லாயிருக்கேன், வச்சிரட்டுமா. அவ்வளவுதான். மணிக்கணக்கில் கையை வீசி ஊர்க்கதை பேசுகிறவள், கட்டை விரலோடு முடித்துக்கொண்டாள். இப்படியே விட்டால் என் அக்காவின் பேச்சு எனக்கு இல்லாமலே போய்விடும் என்று பயம் வந்தது. நான் எளிதில் பயப்படுகிற ஆள் இல்லை.

என் பக்கத்துக்குக் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு கேமரா மாட்டிக்கொண்டேன். அவள் பக்கத்துக்கு, மாவுக் கிரைண்டர் பக்கத்தில் தானாக நிற்கிற பெரிய திரை வேண்டும். பெரிய டேப் என்று முடிவு செய்தேன். வாங்கியவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். எல்லோரும் ஒப்பாரி. ஒருவருக்குக் கை கடுக்கிறதாம். ஒருவருக்குப் பைக்குள் நுழையவில்லையாம். படுத்துக்கொண்டு படம் பார்த்தபோது மூக்கின் மேல் விழுந்துவிட்டது என்று ஒருவர் ஒற்றை ஸ்டார் போட்டிருந்தார். 'போனும் இல்லை, லேப்டாப்பும் இல்லை, ரெண்டுங்கெட்டான்' என்று இன்னொருவர் தீர்ப்பு எழுதியிருந்தார். படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையில் பிடிக்க முடியாது என்று ஊரே திட்டுகிறதே, எனக்கு வேண்டியதும் கையில் பிடிக்க முடியாத ஒன்றுதானே!

கடையில் சொன்னேன். தினமும் வழக்குக் கட்டுகளோடு வருகிற வக்கீல் ஒருவர், "ஏம்மா, அம்புட்டுப் பெருசு எதுக்கு? சும்மா தூங்கும்" என்றார். என் வீட்டுக்காரர், "மாவுக் கடைக்கு எதுக்குடி சினிமா தியேட்டரு?" என்றார். "நீங்க ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு ஒரு நாள் பேசாம இருங்க, அப்பத் தெரியும்" என்றேன்.

ஷோரூம் பையன் வேறு மாதிரி. "மேடம், பத்து இஞ்ச் எடுங்க. இத வாங்கிட்டுப் போனவங்க தூக்க முடியலன்னு திரும்பி வாராங்க" என்று நல்ல மனதோடுதான் சொன்னான். நான் அந்தப் பெரியதை மேசையில் நிறுத்தச் சொல்லி, கேமராவைப் போடச் சொன்னேன். முதலில் எடுத்ததில் கேமரா குட்டைப் பக்கத்தில் இருந்தது. படுக்க வைத்தால் ஒரு ஓரத்திலிருந்து பார்க்கிறது, என் இடது கை பாதி வெட்டுப்பட்டது. வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்ததில் நீளப் பக்கத்தின் நடுவில் இருந்தது. தள்ளி நின்று, 'மாவு புளிச்சிருச்சு, சண்டை போடாதே, வீட்டுக்கு வா' என்று இரண்டு கையாலும் பேசிப் பார்த்தேன். ஒரு விரல் தப்பவில்லை. சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"ரீல்ஸுக்கா மேடம்?" என்றான் பையன்.

"பேசிப் பாத்தேன் தம்பி. இது நல்லாப் பேசுது. பில்லப் போடு."

அத்தானுக்குப் போன் செய்து, "அக்காவுக்கு டேப்லெட் வாங்கியிருக்கேன், வந்து வாங்கிட்டுப் போங்க" என்றேன். மனிதர் பதறிவிட்டார். "டேப்லெட்டா? ஏத்தா, அவளுக்கு என்ன செய்யிது? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே!" மாத்திரை இல்லை, மாவு ஆட்டுகிற இடத்தில் வைக்கிற திரை என்று விளக்கி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. மறுநாள் வந்து, ஸ்டாண்டோடு சேர்த்து சாமான் பையில் வைத்து எடுத்துப் போனார்.

அன்று பிற்பகல், மாவு வேலை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து, கடையிலிருந்து கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் திரை முழுக்க அக்காவின் முகம். முகம் மட்டும்தான். டேப்பைச் சீர்த்தட்டு ஏந்துவது போல இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே ஏந்திக்கொண்டு நின்றாள். முன்பு பேச ஒரு கையாவது மிச்சம் இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. சிரிக்கிறாள், தலையாட்டுகிறாள், புருவத்தைத் தூக்குகிறாள். பேச முடியவில்லை. கீழே வை, கீழே வை என்று நான் இரண்டு கையாலும் கெஞ்சுகிறேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுகிறாள். இம்புட்டு யோசித்து வாங்கியதற்கு இதுவா பலன் என்று எனக்குக் கோபம் பொங்கியது. பின்னாலிருந்து அத்தானின் குரல் கேட்டது.

"கீழ வச்சாக் கீறல் விழுந்துருமாம்த்தா! போனுன்னாக் கையிலதான் வச்சிருக்கணும்னு நிக்கிறா. ஸ்டாண்டு பையிலயே கெடக்கு."

"பிடுங்கி வைங்கத்தான்!" என்று நான் போட்ட சத்தத்தில், கடையில் நின்றிருந்த அந்த வக்கீல் திரும்பிப் பார்த்தார்.

திரை குலுங்கியது. கூரை தெரிந்தது, கிரைண்டர் தெரிந்தது, அத்தானின் வயிறு தெரிந்தது. பிறகு எல்லாம் நின்றது. அக்கா நான்கடி தள்ளி, மாவு காய்ந்த சேலையோடு முழுதாக நின்றாள். இரண்டு கையும் சும்மா தொங்கின. அவற்றை என்ன செய்வதென்று தெரியாதவள் போல ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாக இரண்டையும் காதோரம் கொண்டுபோய், மடக்கி, கீழே இழுத்தாள்.

இரட்டைச் சடை.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் பதில் சொல்வதற்குள் அவள் கிட்டே வந்து திரையை உற்றுப் பார்த்தாள். மறுபடி தள்ளிப் போய் நின்று, இரண்டு கையையும் வீசி ஆரம்பித்தாள்: "இரட்டைச் சடை! உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது? ஏன் என்கிட்ட சொல்லல? சாயம் பூசாதே. இரு, மருமக கதைய முதல்லருந்து சொல்றேன், உக்காரு."

உட்கார்ந்தேன். வக்கீல் தன் வழக்குக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் அந்தக் கைகள் பறப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா இது? என்ன சொல்றாங்க?"

"எங்க அக்கா சார். என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடுறா. உங்க ஜெராக்ஸுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்."