மேல் வீட்டுச் சத்தம்

பஸ் கண்டக்டருக்குக் கணீரென்ற குரல். கடைசி சீட்டில் தூங்குகிறவனும் தன் நிறுத்தம் வந்துவிட்டதென்று பதறி எழுந்துவிடுவான். அந்தக் குரலை மாடிப்படியில் நின்று மேல் வீட்டுத் தையற்காரம்மாவின் மேல் காட்டியதுதான் வினையாகிவிட்டது.

எல்லாம் ஒரு சத்தத்தால் வந்தது. காலை ஷிப்ட் முடித்து வந்து மத்தியானம் அவர் கண்ணயர்ந்தால் போதும், எங்கேயோ குழாய் உறுமும். பிறகு, சுவருக்குள் யாரோ சுத்தியலால் அடித்ததுபோல 'டம்' என்று ஒரு இடி.

"ஏம்மா, குழாயை மெதுவா மூடத் தெரியாதா? கீழ மனுஷங்க இருக்கோமா, மாடு கட்டியிருக்கா?"

அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறந்தன. தையற்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் விடவில்லை. "பாத்துக்கறோம்ண்ணே" என்று உள்ளே போய்விட்டாள். சத்தம் நிற்கவில்லை, அவரும் நிறுத்தவில்லை. இன்னும் இரண்டு தடவை படியில் நின்று கத்தினார்.

ஒருநாள் மறுபடியும் 'டம்'. சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். மேல் வீட்டில் பூட்டு தொங்கியது. "மக வீட்டுக்குப் போயிருக்காங்களே" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

இறங்கி வந்தபோது அவர் மனைவி குளியலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப வாஷ்பேசின்ல கை கழுவினியா?"

"ஆமா, ஏன்?"

"போய் இன்னொரு தடவை திறந்து மூடு."

சுவரில் காதை வைத்தார். உறுமல். 'டம்'.

வாளித் தண்ணீரிலேயே முகம் கழுவிப் பழகியவர். அந்த வாஷ்பேசினை எட்டிப் பார்த்ததே இல்லை. குனிந்து பார்த்தால், குழாயைச் சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் கழன்று தொங்குகிறது. தண்ணீர் நின்றதும் குழாய் உதறிக்கொண்டு சுவரில் மோதுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டால் விஷயம் வெளியே போய்விடும் என்று தானே மல்லாந்து படுத்தார். மனைவி டார்ச் பிடித்தாள். மெயின் வால்வை அடைத்து, தேய்ந்த வாஷரை மாற்றி, பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றிப் புதுக் கிளாம்பை முடுக்கினார். சத்தம் அடங்கியது. அவருக்குத்தான் தூக்கம் வரவில்லை.

"வந்ததும் காதோட காதா சொல்லிடறேன்."

"திட்டினது தெருவுக்கே கேட்டுச்சு. மன்னிப்பு மட்டும் காதோட காதாவா?" என்றாள் மனைவி.

தையற்காரம்மா திரும்பி வந்த அன்றே மேலே போனார். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல், "உங்க பேசினை ஒரு தடவை பாக்கலாமா?" என்றார். குளியலறையில் குழாயின் கைப்பிடியைத் துணிக்கிழிசலால் கட்டிவைத்திருந்தார்கள். கீழே ஒரு வாளி, ஒரு மக்.

"நீங்க சத்தம் போட்டதிலிருந்து வம்பு வேணாம்னு அதைத் திறக்கறதில்லைண்ணே. சமையலறையிலிருந்து தண்ணி தூக்கிட்டு வந்துடறோம்."

"அந்தச் சத்தம் எங்க வீட்டுக் குழாய்தாம்மா."

"தெரியும்ண்ணே. எங்களுக்கும் கீழயிருந்துதான் கேக்கும்."

"அப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்கண்ணே பேச விட்டீங்க?"

அவர் முன்பு கத்திய அதே படிக்கு வந்தார். "தப்பு என்னோடது. இந்தம்மாவை அநியாயமா பேசிட்டேன்" என்றார். அந்தக் கணீர்க் குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு மட்டும் திறந்தது. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

சாயங்காலம், திறக்காத அந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டப் புறப்பட்டார். முதல் கதவு திறக்கும் முன்பே காது இரண்டும் சுட்டது.