ஒன்றுமில்லை என்றார் நிபுணர்

தேயிலைத் தொழிலாளி ஒருவரின் காலில் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி வெட்டிய காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். ஊசியைப் பிடித்திருந்த இடுக்கி கையிலிருந்து விழுந்தது. விழுந்த சத்தம் கேட்டுத்தான் எனக்கே தெரிந்தது.

"டாக்டரம்மா, கை மரத்துப் போச்சுங்களா?" என்று அவர் கேட்டார்.

அப்போது நான் பதுளை மாவட்டத்தில் ஓர் அரசாங்க வைத்தியசாலையில் மருத்துவர். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து, அந்த வேலைக்கு வந்தவள்.

வலது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தன. பிறகு கழுத்தில் வலி. ஒரு நிபுணரிடம் போனேன். அவர் என் கையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"ஒன்னுமில்ல டாக்டர். வேலை, வீடு, பிள்ளைங்க... பொம்பளைங்களுக்கு இப்பிடி வரத்தான் செய்யும். நல்லா தூங்குங்க."

ஸ்கேன் கேட்டேன். சிரித்துவிட்டு மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதினார். மருத்துவரான எனக்கே இது என்றால், கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து வரிசையில் நிற்கும் பெண்களுக்கு என்ன கிடைக்கும்?

அடுத்த மழைக்காலத்தில் என்னால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. "இனி யார்கிட்டயும் கெஞ்ச வேணாம், கொழும்புக்குப் போவோம்," என்றார் என் கணவர் அன்டன். அங்கே தெரிந்தது: ஸ்வானோமா (நரம்பின் உறையில் வளரும் கட்டி, புற்றுநோய் அல்ல). அது கழுத்து நரம்புகளை நசுக்கிக்கொண்டிருந்தது.

கட்டியை அகற்றிய மருத்துவர் மறைக்காமல் சொன்னார். "கொஞ்சம் முந்தி வந்திருந்தா விரல்ல உணர்வு திரும்பியிருக்கும்."

முந்தித்தான் போனேன்.

பிசியோதெரபியில் (இயக்கப் பயிற்சியில்) பிடிமானத்துக்காகத் தூரிகையைக் கொடுத்தார்கள். தாள் கிழியும் வேகத்தில் இழுத்தேன். பிறகு என் கையையே வரைந்தேன். எலும்பும் தசைநாரும் எனக்கு மனப்பாடம். மரத்த விரல்களுக்கு மட்டும் வண்ணம் பூசவில்லை. அதற்குப் பிறகு வரைவதை நிறுத்த முடியவில்லை.

தையல் போட முடியாத என்னை வைத்தியசாலையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்காரவைத்தார்கள். விலகினேன். பண்டாரவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியையாகச் சேர்ந்தேன். "கர்த்தர் ஒங்கள வேற ஊழியத்துக்கு எடுத்துக்கிட்டாரு," என்றார்கள் தேவாலயத்தில்.

பள்ளி மண்டபத்தில் பிள்ளைகளின் படங்களோடு என் படங்களையும் மாட்டினோம். விருந்தினராக வந்தவர் அதே நிபுணர். என் கட்டியைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"அந்தக் கை வருத்தம் வராட்டி இந்தத் திறமை வெளிய வந்திருக்குமா, சொல்லுங்க?"

பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

"இந்தப் படங்கள நீங்க குடுக்கல, சார். என் வேலையத்தான் எடுத்தீங்க. இனி ஒரு பொம்பள வந்து கை மரக்குதுன்னு சொன்னா, தொட்டாவது பாருங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியேறினார். மன்னிப்புக் கேட்கவில்லை.

மரத்த கையோடு இதைப் படிப்பவர்களே, மனப்பதற்றம் என்று அனுப்பிவிட்டால் திரும்பப் போங்கள். சத்தம் போட்டுக் கேளுங்கள்.

குணமாகிவிட்டதா என்று என்னைக் கேட்கிறார்கள். தூரிகை கையில் இருக்கிறதா என்பதை நான் பார்த்துத்தான் அறிகிறேன். பார்வையை எடுத்தால் அந்த விரல்கள் இல்லை. நோயாளிகளிடம் 'இரண்டு வாரத்தில் சரியாகும்' என்று சொல்லிவந்தேன். என் கைக்கு அப்படி ஒரு தவணை இல்லை. காலையில் எனக்கு முன்னால் என் கோபம் விழிக்கிறது. அதன் பிறகுதான் கண்ணைத் திறந்து, போர்வைக்குள் என் கையைத் தேடுகிறேன்.