அக்கா வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகங்கள்

வெள்ளிக்கிழமை மாலைகளில், மலேசியாவில், ஈப்போவில் நான் வேலை பார்த்த நூலகத்தை மூடுவதற்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் தமிழ் அலமாரிகளுக்கு நடுவே போய் நிற்பார். கால் எரிகிறது, தரை குளிர்ச்சியாக இருக்கிறது என்பார். அக்கா என்று நான் கூப்பிட்ட அவர்தான் அந்தப் பிரிவின் நூலகர். நான் அவருக்குக் கீழே எழுத்தர். வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுத்துப் போவார். சனியும் ஞாயிறும் படித்து முடித்து, திங்கட்கிழமை காலை தேநீர் குடிக்கும்போது எனக்குக் கதையைச் சொல்வார். சுருக்கமாக, கொஞ்சம் கோபத்தோடு சொல்வார். கதையில் வருகிறவர்கள் செய்த தவறுகளை அவரால் லேசில் விட முடியாது.

தீபாவளி நெருங்கினால் புத்தகத்தின் கனம் கூடும். மற்றவர்கள் விடுப்பு எடுத்து ஊருக்குப் போவார்கள். அக்கா போகமாட்டார். தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் வரைக்கும் எழுநூறு, எண்ணூறு பக்க நாவல்களாகத் தேடி எடுப்பார். பலகாரம் சுடமாட்டார், யார் வீட்டு விருந்துக்கும் வரமாட்டார். கர்வம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஒருநாள் அவராகவே சொன்னார். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பம். பெருநாள் வந்தால் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடிப்பார். லயத்து வரிசை வீடுகளில் எல்லா வீட்டிலும் சத்தம் இருப்பதால் யாரும் வந்து கேட்கமாட்டார்கள். அக்கா தன் தம்பியை இழுத்துக்கொண்டு, கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக்கொட்டகைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். கையில் கிடைத்த தாளைச் சத்தமாக அவனுக்கு வாசிப்பார். வெளியே கேட்பது அவன் காதில் விழக்கூடாது. அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, பெற்றவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். "ஆனா பெருநாள் வந்தா இன்னும் அந்தச் சத்தம் கேக்குது. புத்தகம் பெருசா இருந்தா அதுக்குள்ளயே இருந்து தாண்டிரலாம்லா," என்றார்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில், அவர் மெல்லிய புத்தகமாக எடுத்துப் போவதைக் கவனித்தேன். வேலை அதிகம் போல என்று விட்டுவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர் சொன்ன கதை நான் ஏற்கெனவே படித்தது. அதில் அண்ணனும் தங்கையும் கடைசி வரை பேசிக்கொள்வதே இல்லை. அக்கா சொன்னதில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள். அப்படி முடியவில்லையே என்று கேட்டேன். அவர் குவளையைக் கீழே வைத்தார். வைத்த இடம் மேசையின் விளிம்பு. தேநீர் என் மடியில் கொட்டியது.

அன்று மதியம் எல்லாவற்றையும் சொன்னார். பல ஆண்டுகளாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் மை தெளித்ததுபோலப் புள்ளிகள் மிதக்கின்றன. லேசர் வைக்க வேண்டும் என்று ஒரு தனியார் கண் மருத்துவமனையில் கொடுத்த நாளுக்கு அவர் போகவில்லை. மூன்று வாரமாக ஒரு புத்தகத்தையும் படித்து முடிக்கவில்லை. "ஆபிஸ்ல தெரிஞ்சா வேலய விட்டுப் போகச் சொல்லிருவாங்க. தம்பிக்கும் சொல்லாத, பயந்துரும். பெருநாள் முடியட்டும், நானே போறேன்," என்றார். அவருடைய தம்பி லூமுட் படகுத்துறையில் வேலை பார்த்துவந்தார். அவர் எண் என் கைப்பேசியில் இருந்தது. சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் சிம்பாங் பூலாயில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் நான் படித்துக் காட்டினேன். வெளியே பட்டாசு வெடிக்கும். அவர் கண்களை மூடிக்கொண்டு, கால்களை ஈரத்துணியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். தீபாவளி போயிற்று. கிறிஸ்மஸ் முடியட்டும் என்றார். பிறகு பொங்கல். எப்போது மருத்துவமனைக்குப் போவீர்கள் என்று ஒவ்வொரு முறையும் நான் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தச் சனிக்கிழமைகள் பிடித்திருந்தன. அத்தனை பேரையும் தள்ளியே நிறுத்தியவர் என் குரலுக்காகக் காத்திருந்தார். அது நின்றுவிடுமோ என்றுகூட எனக்குள் ஒரு பயம் இருந்திருக்கலாம்.

பொங்கலுக்கு முந்திய திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன். உள்கதவு திறந்திருந்தது, வெளியே கம்பிக் கிரில் பூட்டியிருந்தது. கூடத்தில் வேலைக்குப் போகும் சேலையில், தரையில் உட்கார்ந்திருந்தார். "யாரு?" என்றார், என் முகத்துக்கு நேராகப் பார்த்துக்கொண்டு. விடியும்போது கண்ணுக்குள் சிவப்பாக ஏதோ இறங்கியதாம், அதன் பிறகு ஒன்றுமே தெரியவில்லையாம். பழக்கத்தில் சேலையைக் கட்டிவிட்டார். சாவி கைதவறி விழுந்துவிட்டது. மூன்று மணி நேரமாகத் தரையைத் தடவிக்கொண்டிருக்கிறார். கம்பிக்கு வெளியே நின்று, வலது பக்கம், இன்னும் கொஞ்சம், நாற்காலிக் காலுக்குப் பின்னால் என்று நான் சொல்லச் சொல்ல அவர் தவழ்ந்து போய் எடுத்தார். அந்தக் கோலத்தில் அவரைப் பார்த்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பொது மருத்துவமனையில், எப்போதிலிருந்து கண் இப்படி என்று டாக்டர் கேட்டார். போன வாரத்திலிருந்து என்றார் அக்கா. நான் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு தம்பியிடம் சொன்னார்களாம். அவர் என்னிடம் வந்து, "உங்களுக்கு எதுவும் தெரியாதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அறுவை சிகிச்சை செய்தார்கள். வெளிச்சம், இருட்டு என்ற வித்தியாசம் மட்டும் மிஞ்சியது.

அக்காவைத் தம்பி லூமுட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முந்திய வாரம் நான் அங்கே போய்ப் படித்துக் காட்டுவேன். தம்பியின் மனைவி தேநீர் கொடுப்பார். தம்பி இருக்கமாட்டார், பண்டிகைக் கூட்டம், படகுத்துறையில் வேலை என்பார்கள். சென்ற ஆண்டு என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. நேரே படகுத்துறைக்குப் போனேன். பங்கோர் தீவுக்குப் போகிற கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "அண்ணே, எனக்கு அப்பவே தெரியும். மூணு மாசம் தெரிஞ்சும் மறைச்சிட்டேன்," என்றேன்.

அவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்," என்றார். "எங்க வீட்டுக்கு வந்த முதல் வாரமே அக்கா சொல்லிருச்சு. அவகிட்ட ஒன்னும் கேக்காத, வந்து படிக்கட்டும்னுச்சு. அக்கா பேச்ச என்னால தட்ட முடியல, உங்கள பாத்தா கேட்டுருவேன். அதான் நீங்க வர்ற அன்னைக்கு நான் வீட்டுல இருக்கறதில்ல."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போயிருந்தேன். சொல்லவில்லை. படகு வந்து சேர்ந்தது, அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். நான் திரும்பி அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். பாதையில் நெரிசல் என்றேன். சரி, படி என்றார்.