டெத் வாலியில் ஒரு வெள்ளிக்கிழமைச் சமையல்

ஆர்.வி. வாடகைக்கு எடுத்துப் பாலைவனம் பார்க்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம். கலிபோர்னியாவில் உள்ள டெத் வாலிக்குப் போகவேண்டும் என்பது என் ஆசைதான். குளிர்காலம் முழுக்க ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் பதினோராம் மாடியில் இருந்து, வெளியே பனி கொட்டக் கொட்ட, மணல்மேட்டுப் படங்களைப் பார்த்துப் பார்த்தே வழியையும் செலவையும் நானாகப் படித்துத் திட்டம் போட்டேன். மார்ச் மாதம் போனோம். இவரும், இவரின் தங்கை சுகந்தியும், அவள் கணவர் வரதனும் கூட வந்தார்கள். எனக்குக் கார்கூட ஓட்டத் தெரியாது. சுகந்தி இருபத்தைந்து அடி வாகனத்தைச் சைக்கிள் மாதிரி வளைத்து எடுத்தாள். "என்ர தங்கச்சியைப் பார்" என்று இவர் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நான் பின்னால் இருந்து பார்த்தேன்.

ரொறன்ரோவிலிருந்து லாஸ் வேகஸுக்கு விமானத்தில் ஐந்து மணித்தியாலம். அங்கே வண்டியை எடுத்து, பாரம்ப் என்ற சின்ன நகரத்தில் இரவு தங்கினோம். மறுநாள் காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பெற்றோலை அங்கேயே நிரப்பிவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் விலை அதிகம். நுழைவுக் கட்டணம் வாகனத்துக்கு முப்பது அமெரிக்க டொலர்.

நான் விட்ட பிழை, அது வெள்ளிக்கிழமை என்பதை யோசிக்காததுதான். எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, புதிதாகச் சைவம் சமைக்க வேண்டும். மீன், இறைச்சி என்று மச்சம் பட்ட சட்டியில் சமைத்த கடைச் சாப்பாட்டை இவர் தொடமாட்டார். அந்த ஒழுங்கை வைத்தவளும் நான்தான். ஆர்.வி. ஓடும்போது அடுப்பு எரிக்கக்கூடாது. நிற்கும் இடத்தில்தான் சமைக்கலாம். பாலைவனத்தில் நிற்கும் இடம் எல்லாம் பார்க்கும் இடம்!

முதலில் சப்ரிஸ்கி பொயின்ற் என்ற காட்சிமேடு. தரிப்பிடத்தில் இருந்து ஒன்றும் தெரியாது, கொஞ்சத் தூரம் ஏறவேண்டும். அவர்கள் ஏறினார்கள், நான் உப்புமாவுக்கு வெங்காயம் வெட்டினேன். திரும்பி வந்தபோது சுகந்தி, "அண்ணி, மலையெல்லாம் மஞ்சள் பட்டுச் சீலையை மடிச்சு வைச்ச மாதிரிக் கிடக்கு" என்றாள். அந்த உவமை எனக்கு வந்திருக்க வேண்டியது.

அடுத்தது கடல் மட்டத்துக்கு எண்பத்தாறு மீற்றர் கீழே இருக்கும் பாட்வோட்டர் உப்பு வெளி. சிவப்புப் பச்சையரிசி வேகுமா என்றால் வேகாது. கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு சின்ன யன்னல். அதற்குள்ளால், வெள்ளை வெளியில் தொப்பியோடு கையை விரித்து நிற்கும் சுகந்தியையும், அவளைப் படம் எடுக்கும் இவரையும் பார்த்துக்கொண்டு பருப்பைக் கடைந்தேன். அவள் சப்பாத்தில் ஒட்டி வந்த உப்பைக்கூட எரிச்சலோடுதான் கூட்டித் தள்ளினேன்.

"அக்கா இருந்தா நரகத்திலயும் மூண்டு கறியோட சோறு கிடைக்கும்" என்றார் வரதன், விரலை நக்கிக்கொண்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு மெஸ்கீற் மணல்மேடுகளுக்கு வந்தோம். நான் இவ்வளவு தூரம் வந்தது இதற்காகத்தான். சூரியன் மறைய ஒரு மணித்தியாலம் இருந்தது. மறுநாள் மதியத்துக்குள் வண்டியை லாஸ் வேகஸில் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

"இஞ்சாரும், புட்டு அவிய எவ்வளவு நேரம் செல்லும்?" என்று இவர் கேட்டார்.

சுகந்தி தொப்பியைப் போட்டு, கதவில் கை வைத்திருந்தாள். "நீங்கள் ஆறுதலா அவியுங்கோ அண்ணி. நான் வீடியோ எடுத்துக்கொண்டு வந்து காட்டுறன்."

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அடுப்பில் தண்ணீர் கொதித்தது, மா குழைத்தபடி கிடந்தது. கையைத் துடைத்தேன்.

"வேண்டாம் சுகந்தி. நான் எடுத்துக்கொண்டு வந்து உமக்குக் காட்டுறன். நீர் புட்டை அவியும்."

"எனக்கெங்க அண்ணி புட்டு அவிக்கத் தெரியும்?"

"இருபத்தைஞ்சு அடி வண்டி ஓடத் தெரியுது. இது ஒரு சாண் குழல்."

"தங்கச்சி, எனக்குப் பசிக்குதம்மா" என்றார் இவர். அவள் அதோடு மாட்டுப்பட்டாள்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். மேல் மணல் குளிர்ந்துவிட்டது, காலைப் புதைத்தால் அடியில் சூடு. ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பக்கம் பொன், மறுபக்கம் கருநீலம். நடுவில் கத்தி வைத்துக் கீறிய மாதிரி ஒரு கோடு. வீட்டில் விளக்கேற்றும் நேரம். சுவாமிப் படம் இல்லை, கர்ப்பூரம் இல்லை. இருந்த இடத்திலேயே கண்ணை மூடித் தேவாரம் பாடினேன். காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. மனம் நிறைந்தது என்றுதான் எழுத ஆசை. ஆனால் சுகந்தி பின்னால் வருகிறாளா என்று மூன்று தரம் திரும்பிப் பார்த்தேன்.

இருட்டத்தான் இறங்கினேன். சுகந்தி முழங்கை வரை மாவோடு நின்றாள். "எப்பிடி அண்ணி இருந்தது?" கைப்பேசியில் படம் இருந்தது. காட்டியிருக்கலாம்.

"சொல்லி விளங்காது. போய்த்தான் பாக்கவேணும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷம் வெள்ளிக்கிழமைக்கு உகந்தது அல்ல. கட்டி கட்டியான அந்தப் புட்டை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் பாலைவன நாளை வெள்ளியில் வைக்காதீர்கள். வைத்தால் பாண், வாழைப்பழம், அவித்த கடலை போதும். சுவாமி கோபிக்க மாட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். மணல்மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் இரவு தங்கினால் போதும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அது பிழை. மறுநாள் விடிய நான் தேத்தண்ணி போட எழும்பியபோது சுகந்தியின் படுக்கை வெறுமையாக இருந்தது. ஏழரைக்குத் தலைமுடி எல்லாம் மணலோடு வந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு, "விடியப்புறம்தான் வடிவு அண்ணி, பின்னேரம் எல்லாம் கிட்டவும் வராது" என்றாள். வண்டியைக் கொடுக்க நேரமாகிவிட்டது. இரண்டு இரவு எடுங்கள்.