ஹுவா அக்கா பிரித்துச் சொன்ன கரைச்சல்

ஞாயிறு பூசை முடிந்து, டென்மார்க்கின் வைலே நகரத் தேவாலய வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது ஹுவா அக்காவின் மகள் அழைத்தாள். விடியற்காலையில் அம்மா போய்விட்டார் என்றாள். பூட்டைக் கையில் பிடித்தபடி படியில் இருந்துவிட்டேன். இறைச்சித் தொழிற்சாலையில் எங்களோடு பொதி செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்காவிடம் ஏச்சு வாங்காதவர் உங்களில் எவருமில்லை.

அவர் வியட்நாமிலிருந்து வந்தவர், நான் மன்னார்க்காரி. எங்களுக்குப் பொதுவாக இருந்தது உடைந்த டேனிஷ். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். லீவு நாட்களில் பொரித்த ரோல்ஸோடு வந்து கதவைத் தட்டி, "குவய் ரய்" என்பார். கரைச்சல் தருகிறேன், மன்னித்துக்கொள் என்று கருத்து. மன்னிப்புக்குக் காத்து நிற்கமாட்டார். நேரே குசினிக்குள் போய், பிரிட்ஜைத் திறந்து, "இதையே தின்னுறாய்?" என்று தொடங்குவார்.

எங்கள் பகுதி மேற்பார்வையாளர் என்னைக் கடக்கும்போதெல்லாம் இடுப்பில் கை வைக்கத் தொடங்கினார். நான் அவரை "அண்ணை" என்பதற்கான டேனிஷ் சொல்லால் கூப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் அந்தச் சொல் ஒரு வேலி. மனிதர் பல்லைக் காட்டிக்கொண்டு இன்னும் கிட்ட வந்தார். ஹுவா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "எங்கட பாசையில புருசனையே அண்ணை எண்டுதான் கூப்பிடுறது. நல்ல வேலி போட்டாய், போ!"

நானும் சிரித்துவிட்டு, "சின்னக் கரைச்சல்தானே அக்கா, விடுங்கோ" என்றேன். நிரந்தர வதிவிட அனுமதி கிடைக்கும்வரை இந்த வேலை எனக்கு வேண்டும். வாய் திறந்தால் இரண்டும் போய்விடும் என்று பயந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டு அழுதா அது குவய் ரய். பக்கத்து வீட்டுக்காரன் சத்தமாப் பாட்டுப் போட்டாலும் குவய் ரய். இவன் செய்யிறது குவய் ரோய், தொல்லைப்படுத்திறது. அதுக்கு வேற சொல்லு இருக்கு, சட்டமும் இருக்கு. முதலாவதுக்குப் பொறுமை வேணும். இதுக்கு ஆக்களைக் கூப்பிட வேணும்."

பிறகு முறைப்பாடு செய் என்று அக்கா நாள்தோறும் நச்சரித்தார். அது முதல் வகை; எனக்கு நன்றாகவே தெரிந்தது. கடைசியில் கையைப் பிடித்துத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கூட்டிப் போனார். அங்கே போயும் நான், "அவர் கொஞ்சம் பகிடி விடுகிறவர்" என்று இழுத்தேன். அக்கா தன் கதிரையை என் கதிரையோடு ஒட்டிப் போட்டார்.

"இவ மரியாதைக்குச் சொல்லுறா. நான் கண்ணால கண்டனான். எனக்கும் செய்தவன்."

அதை அவர் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. கணவருக்குக்கூட.

விசாரணை நடந்தது, அந்த ஆள் வேலையிலிருந்து போனார். என் வேலையும் வதிவிடமும் தப்பின. இன்று நான் இந்த நாட்டில் நிமிர்ந்து நடப்பதற்கு முதலில் கடவுளுக்கும் அடுத்து ஹுவா அக்காவுக்கும் கடமைப்பட்டவள்.

ஒருநாள் கேட்டேன், "ஏன் அக்கா அப்பவே நீங்கள் சொல்லேல்லை?"

"அப்ப எனக்குப் பக்கத்தில இருக்க ஒருத்தரும் இல்லை."

இப்போது அந்தத் தொழிற்சங்கப் பிரதிநிதி நான்தான். யாராவது ஒரு பெண் வந்து, பெரிதாக ஒன்றுமில்லை என்று தொடங்கினால், என் மேசையை விட்டு எழுந்து போய் அவள் பக்கத்தில் இருக்கிறேன்.