அருமையான ஜெபம்

மாலை ஆறு ஐம்பது. எங்கள் வீட்டு ஹாலில் புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடியப்போகிறது. முடிவு ஜெபத்தை என்னைச் செய்யச் சொன்னார் போதகர். எல்லோரும் கண்களை மூடினோம். என் மகள் என்னை நம்பிச் சொன்ன ஒன்றை அந்த ஜெபத்தில்தான் நான் வெளியே போட்டேன்.

நான்கு நாள் முன்பு அவள் சொன்னது இது. நர்சிங் கல்லூரிக்கு அவள் இரண்டு வாரமாகப் போகவில்லை. காலையில் கிளம்பி பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வருகிறாள். வார்டுக்குள் கால் வைத்தாலே மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது. அம்மாவுக்குக்கூட இப்போது சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சரி என்றேன்.

எங்கள் சபையில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. ஒருவரைப் பற்றி வெளியில் சொன்னால் கோள். அதையே கண்ணை மூடி ஆண்டவரிடம் சொன்னால் பாரம். நான் பாரத்தோடு ஜெபித்தேன். பெற்றவர்களின் வியர்வையை மறந்து பஸ் நிலையத்தில் நாளைக் கழிக்கும் இந்தப் பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவாரும் என்றேன். குரல் உடைந்தது. உடைவது எனக்கே கேட்டது. அவள் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறாள், எல்லார் முன்னாலும் வெட்கப்பட்டாவது நாளைக்குக் கல்லூரிக்குப் போவாள் என்று மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டது. எப்படியும் ஊருக்குத் தெரியப்போகிறது, அது என் கண்ணீரோடு தெரியட்டும் என்றது இன்னொரு மூலை.

ஆமென் சொன்னதும் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அருமையான ஜெபம் பிரதர்" என்றார். அந்த ஒரு நொடி எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதன் பிறகுதான் மூன்றாவது நாற்காலியைப் பார்த்தேன். அவள் போன் மட்டும் அதில் இருந்தது. வாசலில் அவள் செருப்பு இல்லை. பன்னிரண்டு பேர் இருந்த அறையிலிருந்து ஒரு பெண் எழுந்து போனதை ஒருவரும் பார்க்கவில்லை.

கடைக்குப் போயிருப்பாள் என்று சொல்லி, எல்லோருக்கும் டீ கொடுத்து அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் என் மனைவி கேட்டாள். "கர்த்தர்கிட்ட சொன்னீங்களா, இல்ல ஊருக்கே மைக் போட்டீங்களா?" அவளுக்கும் விஷயம் அந்த ஜெபத்தில்தான் தெரிந்திருந்தது.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். திருவண்ணாமலை பஸ், திண்டிவனம் பஸ், எதிலும் அவள் இல்லை. எங்கள் ஊர் மலைக்கோட்டைக்குள் இருக்கும் குளம் நினைவுக்கு வந்ததும் ஸ்கூட்டரை அங்கே திருப்பினேன். கேட் பூட்டியிருந்தது. அஞ்சு மணிக்கே மூடியாச்சு, எந்தப் பொண்ணும் வரலை என்றார் காவலாளி. அவர் உள்ளே போன பிறகு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்க முயன்றேன்.

முதலில் வந்த வார்த்தை, போதகருக்குத் தெரிவதற்குள் அவள் கிடைத்துவிட வேண்டும் என்பது. அதைப் பாதியில் விழுங்கினேன். அடுத்து, "கிருபையுள்ள பிதாவே" என்று கூட்டத்தில் பேசும் அதே குரலில் ஆரம்பித்தேன். எதிரே மலையும் இருட்டும்தான். வாக்கியம் நின்றுவிட்டது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் எனக்கு ஜெபம் வரவில்லை. கதவைப் பூட்டித் தனியே ஜெபிப்பதைப் பற்றி ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவன் நான். இத்தனை வருடம் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவள் பெயரை மட்டும் சொன்னேன். இரண்டு தடவை.

வீடு திரும்பியபோது எட்டேகால். என் மனைவி கலைக்காத நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஜெபிப்போமா என்று நானும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

எட்டரைக்கு மேல் வாசலில் செருப்புச் சத்தம். மகள் வந்தாள். கையில் காசு இல்லாததால் பெண்களுக்கு இலவசமான டவுன் பஸ்ஸில் ஏறி, தொண்டூர் வரை போய், அதே பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். தன் போனை எடுத்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசினாள்.

"நைனா, எனக்காக ஜெபம் பண்ணு, வேணாங்கல. எனக்குக் கேக்கற மாதிரி மட்டும் பண்ணாத."