குலத் தலைவர் முன்னால் சண்டிக்கட்டு

இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலைக்கு நின்ற வீட்டு வக்கீல், தன் பூட்டனார் ஸ்கொட்லாந்துக்காரர் என்று நம்பியவர். தொண்ணூறுகளில் கோடை முழுக்க அவருடைய குலச் சங்கம் விழா விழாவாகப் போய்க் கூடாரம் அடித்து, ஸ்கொட்லாந்து விளையாட்டென்று மரக்குற்றி எறிந்தது. ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரை விழாவில் அணிவகுப்புக்கு ஆள் குறைந்ததால் எனக்கும் ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டும் அந்தக் கட்டம்போட்ட பாவாடையை மாட்டிவிட்டார். உள்ளே ஒன்றும் போடாததுதான் குல வழக்கமாம். வழக்கமும் மண்ணாங்கட்டியும் என்று நான் ஜட்டியோடுதான் நின்றேன்.

"இஞ்சையப்பா, சண்டிக்கட்டோடை நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றாள் வேடிக்கை பார்க்க வந்திருந்த என் மனைவி.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்திருந்த குலத் தலைவர் வரிசையைப் பார்வையிட்டபடி என் முன்னால் வந்தார். யாழ்ப்பாணத்தில் பெரியவர் எதிரே வந்தால், முழங்காலுக்கு மேலே சண்டிக்கட்டாக மடித்துக் கட்டிய சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் கீழே விடுவோம். என் கை என்னைக் கேட்காமலே இடுப்பு வாரை அவிழ்த்தது. பாவாடை முழுதாகக் காலடியில் விழுந்தது.

வக்கீலின் முகம் வெளுத்தது. "இது எங்கள் ஊர் மரியாதை," என்றேன் எரிச்சலோடு. அவர் அதைத் தலைவருக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

தலைவர் மெல்லத் தலையசைத்தார். குல வழக்கத்தில் இம்மியும் பிசகாத மனிதர். பதில் மரியாதை செய்யத் தன் பாவாடையின் இடுப்பு வாரில் கை வைத்தார்.